தடைக்காலத்தின் முப்பத்தெட்டாம் நாள்

கோயில்வாடியில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது.
கரையேற்றிய ஒன்றிரண்டின் அடிவயிற்றைச்
சுரண்டிப் பெயிண்ட் அடிக்கிறார்கள்.
நான் குழாயடியில் குந்தி
மகளின் ஜட்டி அலசுகிறேன்.
முந்தாநாள் ஒன்பது. நேற்று ஐந்து.
இன்றைக்கு இது ஒன்றுதான், இதுவரை.

பிலோமி நண்டு கம்பெனிக்குப் போய்விட்டாள்.
நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, நண்டுக்கும் இல்லை.
வீட்டில் இருப்பவன் நான்.
பச்சை, நுரை, சளி, தண்ணி என்று
நேரம் போட்டு நோட்டில் குறிக்கிறேன்.
படகில் பாடு எழுதிப் பழகிய கை.

குற்றம் என்னுடையது.
சித்திரை பிறந்த வாரம் ரெக்சிக்குச் சளி.
மெடிக்கலில் போய்,
போன தடவை தந்தீங்களே அந்த ரோஸ் கலர் மருந்து, என்றேன்.
தந்தான்.
நாலு நாளில் சளி நின்றது.
நல்லாக் கேட்குதே என்று
இன்னொரு பாட்டிலும் வாங்கி ஊற்றினேன்.

டாக்டர் மெஹ்ருன்னிசா காலிப் பாட்டிலை
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
"நீங்க என்ன தொழில்?"
இழுவை மடி, என்றேன்.
"அப்ப உங்களுக்குப் புரியும்."
கொஞ்ச நேரம் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

புரிந்தது.
இறாலுக்குத்தான் மடி போடுகிறோம்.
ஏறி வருவது
தாழை, விரல்நீளக் கணவாய், பாரில் உடைந்த துண்டு,
பேர் தெரியாத ஒன்று,
பேர் வைக்கும் அளவுக்கு வளராத ஒன்று.
சங்காயம் என்று கூடையில் அள்ளித்
தீவனக்காரனுக்குத் தள்ளிவிடுவோம்.
கீழே தரை என்ன ஆனது என்று
மேலே நின்றவன் எவன் பார்த்தான்.

ரெக்சியின் குடலில்
கோடி கோடியாய்க் குடியிருந்தார்களாம்,
செரியாததைச் செரித்துக் கொடுத்துக்கொண்டு,
கெட்டது வந்தால் உட்கார இடம் விடாமல்
நெருக்கிக்கொண்டு.
ஸ்பூன் ஸ்பூனாய் மடி இழுத்தேன் நான்.

இன்னொன்றும் சொன்னார் டாக்டர்.
தாய்ப்பாலில் ஒரு சர்க்கரை உண்டு,
பிள்ளைக்கு அது செரிக்கவே செரிக்காது.
அது பிள்ளைக்கு இல்லை,
உள்ளே இருப்பவர்களுக்கு.
ராத்திரி இதைச் சொன்னபோது
பால் கொடுத்தபடியே பிலோமி சிரித்துவிட்டாள்.
"ஒண்ணரை வருசமா ஊருக்கே ஆக்கிப் போட்டிருக்கேன்,
ஒருத்தரும் சொல்லலை பாரு."
நாளெல்லாம் ஐஸ் நண்டில் கிடந்து
வெளுத்துச் சுருங்கிய விரல்கள்
பிள்ளையின் வயிற்றின்மேல் படுத்திருந்தன.

உப்புச் சர்க்கரைக் கரைசல், துத்தநாக மாத்திரை,
மசித்த வாழைப்பழம், வீட்டில் உறைந்த தயிர்.
வேற மருந்து? என்றேன்.
"சும்மா விடுங்க. அதுவா திரும்பும்."
சும்மா விடுவது
வருசத்துக்கு அறுபத்தொரு நாள்
சர்க்கார் எனக்குச் சொல்லித்தந்த பாடம்.
ஒவ்வொரு வருசமும் திட்டிக்கொண்டே படித்தேன்.
இப்போதும் திட்டுகிறேன், நிவாரணப் பணம் இன்னும் வரவில்லை.
கடலுக்கு இன்னும் இருபத்து மூணு நாள்.
ரெக்சிக்கு எத்தனை என்று
டாக்டரும் சொல்லவில்லை.

மூணு பத்துக்கு வாசல் மணலில்
குத்தவைத்தாள் ரெக்சி.
என் முட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு,
முகம் சிவந்து, மூச்சடக்கி,
யாரையும் பார்க்காமல்.
நான் குனிந்து பார்த்தேன்.
அப்புறம் நன்றாகக் குனிந்து பார்த்தேன்.

கம்பெனிக்குப் போன் போட்டேன்.
"அவசரமா?" என்றார் சூப்பர்வைசர்.
அவசரம்தான்.
ஐஸ் கொட்டும் சத்தம். ஓடிவரும் ரப்பர் செருப்பு.
"என்ன நிறம்?"
மஞ்சள்.
"தண்ணியா?"
கெட்டி, என்றேன். கெட்டி பிலோமி.
இவ்வளவு நீளம், என்று
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
இரண்டு கையையும் விரித்து
காற்றுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.