ரசமட்டம்

எஞ்சின் புஷ், புரொப்பல்லர் ஷாஃப்ட்,
உப்புக் கம்பெனிப் பம்பு:
வாலிநோக்கத்தில் நான் கடைந்தது இவ்வளவுதான்.
சுபேதார் கொத்தலிங்கம் சாக்கை அவிழ்த்து
முந்நூற்றுப் பதினைந்தைப் பெஞ்சில் கிடத்தியதும்
லேத்தை நிறுத்திவிட்டுக் கை கழுவினேன்.
ஏனென்று தெரியவில்லை.

போல்ட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
லைசென்ஸ் நகலை மூன்றாய் மடித்து
உப்புத்தாள் கட்டுக்கு அடியில் செருகினார்.
"கடலைக்கொல்லையில பன்னி.
தாள் வந்துருச்சு. கண்ணுதான் வரல."
வலது கண்ணில் புரை.

தொலைநோக்கியைத் தாங்கும் அடித்தட்டு
சுண்டுவிரல் அகலம், கறுப்பு, நான்கு துளை.
துப்பாக்கியில் ஒரு துளையும் இல்லை.
எஞ்சின் என்றால் அரை மில்லி பிசகினாலும்
வாஷர் போட்டால் கடல் ஏற்றுக்கொள்ளும்.
இங்கே ஒரு மயிரிழை
நூறு கஜத்தில் நாலு விரல்.

பஞ்ச் வைத்துத் தட்டினேன். பிட் வழுக்கியது.
எண்ணெய் விட்டேன், மூச்சை விட்டேன்.
மூன்றாவது துளையில் டேப் ஒடிந்தது.
சுபேதார் எதுவும் சொல்லவில்லை.
டீ குடிக்கப் போனார்,
துப்பாக்கியையும் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு.

ஒடிந்ததை நெம்பி எடுக்க மதியம் திரும்பிவிட்டது.
பின்பக்கம் தாழ்ந்திருந்தது;
கோலா டின்னை வெட்டி அண்டைகொடுத்தேன்.
திருகுகளைப் பெட்ரோலில் துடைத்து
மரைக்கு மகளின் நகப்பூச்சு ஒரு சொட்டு.
வாடாமல்லி நிறம்.
காய்ந்துவிட்டால் அசையாது.
ரசமட்டத்தில் குமிழி
போய், வந்து, போய்
நடுவில் நின்றது.

வாசலில் மணல்மூட்டைமேல் சாய்த்து
முதலில் குழலுக்குள் கண்ணை விட்டு
ஒரு பனையைப் பிடித்தேன்.
அப்புறம் கண்ணாடியில் அதே பனையைத் தேடினேன்.
பனைக்கு முன்னால் உப்பளம் வந்தது.
உப்பளத்தில் பூமிநாதன் வந்தான்.

என் தம்பி.
பங்கு பிரித்த ஆவணியிலிருந்து பேச்சில்லை.
நடந்தால் கால்மணி நேரம்;
இவ்வளவு பக்கத்தில் பார்த்து நாலு வருஷம்.
காதோரம் நரைத்திருக்கிறான்.
கணுக்காலில் பாலித்தீன் பை கட்டியிருக்கிறான்,
உப்புப் புண்ணாக இருக்கும்.
குறுக்குக்கோடு அவன் பனியன்மேல்.

தோட்டா இல்லை.
போல்ட் இருக்கும் சட்டைப்பை
எனக்குப் பின்னால் பீடி பற்றவைக்கிறது.
இருந்தும் விரலை எடுத்து
கைலியில் துடைத்தேன்.

வாருபலகையை ஊன்றி நிமிர்ந்தான்.
என்னைப் பார்ப்பது போலவே இருந்தது.
அங்கிருந்து அவனுக்கு
நான் வெறும் தகரக் கூரை.

"கோடு எங்க நிக்குது?" என்றார் சுபேதார்.
"இடப்பக்கம் இழுக்குது."

இழுக்கவில்லை.
நான்கு திருகையும் தளர்த்தினேன்.
நகப்பூச்சு இன்னும் காயவில்லை.