வீடு பூட்டியிருந்தது

காலையில் விரல்கள் மடங்க
இருபது நிமிடம் ஆகிறது.
பல் துலக்குவதற்குள்
கிளை மேலாளர் இரண்டு முறை அழைத்துவிடுகிறார்.

ஆற்காடு ரோட்டில் ஒரு மாடிப்படி ஏறி
ரத்தம் கொடுத்தேன்.
சி.ஆர்.பி. பதினான்கு புள்ளி இரண்டு.
ஐந்துக்குள் இருக்கணுமாம்.
"அழற்சி" என்றார் டாக்டர் செலின்.
"அடிபடவில்லை, கிருமியும் இல்லை,
ஆனாலும் உடம்பு சண்டைக்கு நிற்கிறது.
ஆளில்லாத தெருவைப் பார்த்து
விடிய விடியக் குரைக்கிற நாய் மாதிரி."

அழல் என்றால் நெருப்பு.
வெயிலூர் என்று நாங்களே கேலி செய்யும் ஊரில்
வெளியே நாற்பத்திரண்டு, உள்ளே பதினான்கு.
கூட்டிப் பார்த்தேன்.
கூட்டிப் பார்ப்பதுதானே தொழில்.

குடியாத்தம் தொடங்கி மேல்பட்டி வரை
பதினொரு மகளிர் குழு.
குழுவுக்கு ஒருத்தியாவது தவணை பாக்கி.
ஹெல்மெட்டுக்குள் ஒத்திகை பார்த்தபடி போவேன்:
முதலில் அக்கா,
அப்புறம் வெறும் பெயர்,
அதற்கும் அசையாவிட்டால்
பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற குரல்.
போய்ச் சேருவதற்குள் தாடை கல்லாகியிருக்கும்.

என்ன சாப்பிடுவீங்க?
ராத்திரி பதினோரு மணிக்கு நாலு பரோட்டா,
மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்கும் சால்னா.
நாளைக்கு ஏழெட்டு டீ, சர்க்கரை தூக்கலாக.
வசூல் முடிந்த சனிக்கிழமை
எனக்கு நானே பரிசாக மக்கன் பேடா.
தூக்கம்?
எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

மாத்திரைச் சீட்டின் பின்பக்கம் நிரப்பித் தந்தார்:
கேழ்வரகு, கீரை, வாரம் இருமுறை மத்தி,
பொரித்தது வேண்டாம், பத்து மணிக்குப் படுக்கை.
கடைசி வரி:
மன அழுத்தத்தைக் குறைக்கவும்.
உப்பைக் குறைக்கவும் என்பதைப் போல.

குறைத்தேன், முடிந்ததை.
இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைச் சுட்டுப் பிசைந்து
களியோடு டப்பாவில் கட்டிக்கொண்டு
பள்ளிகொண்டா பாலத்தோரம் சாப்பிட்டேன்.
கீழே பாலாறு.
மணல்கூட மிச்சமில்லை,
அதனால் யாரும் அதை எதுவும் கேட்பதில்லை.

செவ்வாய்க்கிழமை மேல்பட்டி.
மூன்று தவணை பாக்கி, வேதவல்லி,
பீடி சுற்றுகிறவள்.
மடியில் முறம், முறத்தில் இலை,
கணுக்கணுவாய் வீங்கிய விரல்கள்.
தண்ணீர் டம்ளரை
இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தி வந்தாள்.
விரலால் பிடிக்க முடியாது.
எனக்குத் தெரியும், நானும்
அப்படித்தான் வாங்கினேன்.

டிவிக்கு அடியில் ஒரு நீல உறை.
அதே மாடிப்படி, அதே லேப்.
"எவ்வளவு?" என்றேன்.
அந்த வாசலில் நூறு முறை கேட்ட கேள்வி.
அவள் என் கையைப் பார்த்தாள்,
உறையைப் பார்த்தாள்.
"இருபத்தாறு" என்றாள்.
பிறகு, "உங்களுக்கு?"

சொன்னேன்.
"பரவாயில்லையே" என்றாள்,
ஏதோ நான்
நல்ல மார்க் வாங்கிவிட்டதைப் போல.

வெளியே வந்து செயலியைத் திறந்தேன்.
வசூலாகாத காரணம், ஏதேனும் ஒன்று:
தர மறுப்பு.
தலைமறைவு.
வீடு பூட்டியிருந்தது.
மூன்றாவதைத் தொட்டேன்.
திறந்த கதவில் சாய்ந்தபடி
அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி
டாக்டர் சொன்னபடி
நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டேன்.
ஏழாவது மூச்சில் சட்டைப்பை அதிர்ந்தது.
அதிரட்டும் என்று விட்டேன்.
மறுபடியும் அதிர்ந்தது.
ஒன்பதாவதில் எடுத்தேன்.

மாதக் கடைசியில் கணினி
பூட்டிய வீட்டுக்குத் தானாகவே
நூற்றைம்பது அபராதம் போட்டுக்கொண்டது.
எனக்குப் பதினொன்று புள்ளி ஆறு.

டாக்டர் செலினுக்குச் சந்தோஷம்.
"நல்லா இறங்குதே,
எதை மாத்தினீங்க?"

கேழ்வரகு என்றேன்.