தற்போதைய முகவரி

ஜனவரி முப்பத்தொன்று நள்ளிரவோடு
இங்கேரியின் ஒப்பந்தம் முடிகிறது.
குளிர்கலன் அடிமட்டக் குளிரைத் தொட
அதற்குமேல் ஐந்து மணி நேரம் பிடிக்கும்.

இண்டியம் வளையத்தில் மயிரிழைக் கசிவு;
அதைத் தேடியே டிசம்பர் போயிற்று.
கண்டுபிடித்த அன்று பேராசிரியர் வேய்க்கோ
"நல்லது" என்றார்.
அவரளவில் அது சொற்பொழிவு.
மனிதவளத் துறையின் மின்னஞ்சல் இன்னும் நீளம்:
சாவி, மடிக்கணினி, பாதுகாப்புக் கண்ணாடி
ஒப்படைக்கப்பட வேண்டும்.

முப்பத்தாறு வயதில் இது மூன்றாவது போஸ்ட்டாக்.
உப்சாலா, கிரெனோபிள், பிறகு எஸ்போ.
எங்கும் திரைச்சீலை வாங்கியதில்லை.
"ஜன்னல் ஊருக்கு ஊர் மாறும்" என்பாள்.
கோடையில் அனுப்பிய விண்ணப்பங்கள் நாற்பத்தொன்று.
பதில் வந்தவை ஒன்பது.
அதில் ஒன்று அவளைத் 'திரு' என்று விளித்திருந்தது.

பன்னிரண்டு அடித்தால் அட்டை செத்துவிடும்.
ஆனால் கதவு கேள்வி கேட்பது
உள்ளே வருகிறவரைத்தான்,
உள்ளேயே இருப்பவரை அல்ல.
பதினொன்றரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

கழிப்பறை மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம்.

இரண்டு மணிக்கு ரய்யா தரை துடைக்க வந்தாள்.
பதினெட்டு வருடமாக இதே தளம்.
எந்தப் பம்ப் சுருதி தப்பினால்
யார் முகம் வாடும் என்று அறிந்தவள்.
நிரந்தர ஊழியர்.
ஒன்றும் கேட்கவில்லை.
வாளியைக் கதவிடுக்கில் நிறுத்திவிட்டு
துடைப்பத்தோடு மாடியேறிப் போனாள்.

வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
தங்க முலாம் தட்டுகளுக்குள்ளே
விண்வெளியையும் மிஞ்சிய குளிர்.
இரண்டுக்கும் நடுவில்
கம்பளிக் காலுறையோடு ஒருத்தி
காய்ந்த ரை ரொட்டியை மென்றுகொண்டு.

நாலே முக்காலுக்குப் பன்னிரண்டு மில்லிகெல்வின்.
கோடு தட்டையாகவே ஓடியது.
மூச்சைப் பிடித்துக்கொண்டாள் என்றால் பொய்;
கொட்டாவி விட்டாள்.
கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால்
ஒரு படி.
பூனைக்குட்டிகூடத் தடுக்காமல் ஏறும், அவ்வளவு சின்னது.
காந்தப்புலத்தைத் திருப்பினாள்,
படி எதிர்ப்பக்கம் இறங்கியது.
மறுபடி செய்தாள். மறுபடி.

மின்னஞ்சலில் அனுப்பப் பார்த்தாள்.
அப்படியொரு பயனர் இல்லை என்றது திரை.
ஆகவே குறிப்பேட்டில், பென்சிலால்:
நேரம், வெப்பநிலை, புலம், கையொப்பம்.
'பதவி' என்ற கட்டத்தில் முதலில் ஒரு கோடு,
அதை அழித்துவிட்டு
'பார்வையாளர்'.
அழித்த தடம் இன்னும் தெரிகிறது, நான் பார்த்தேன்.

அக்டோபரில் கட்டுரை வந்தது.
பதினோரு பெயர்கள், அவள் முதலாவது.
நன்றியுரையில் இரண்டு அறக்கட்டளைகள், ஓர் அமைச்சகம்.
வாளி இல்லை.
இங்கேரியின் பெயருக்கு மேல் சிறு நட்சத்திரம்;
பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்
தற்போதைய முகவரி:
கூப்பியோவில் ஒரு தெரு, வீட்டு எண், இரண்டாம் மாடி.
நிறுவனத்தின் பெயர் விடுபட்டிருக்கிறதே என்று
இதழிலிருந்து இருமுறை கேட்டார்களாம்.
விடுபடவில்லை என்று
இருமுறையும் எழுதினாளாம்.

எனக்கு வந்த அஞ்சலட்டையில்
அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.
ஜன்னல் அளவு மட்டும்:
நூற்று நாற்பதுக்கு நூற்றுப் பத்து.
அலகு போடாமல்.