நாலாவது கோடு

எட்டு இருபத்தைந்துக்குத் தறியெல்லாம் நிற்கும்.
நின்ற பிறகும் கொஞ்ச நேரம்
காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் அது.
அதனால் எங்கள் வீட்டில்
டிவி சத்தம் எப்போதும் நாற்பதில்.

தேசம்மா சுற்றி முடிக்காத தார்ப்பெட்டியோடு வருவாள்.
மஸ்தான் ஆட்டோவைச் சாக்கடை ஓரம் விட்டுவிட்டு வருவார்.
"ராஜா சச்சாடா?" என்று
வாசலிலேயே கேட்டபடி வரும் ரெட்டெம்மா.
ஐந்து நாளாகச் சாகிறான் ராஜா.
அம்பு தைத்தது வெள்ளிக்கிழமை.
சனி ஞாயிறு நாடகம் கிடையாது,
அவனும் லீவில் இருந்தான்.

முதலில் வரைபடம் வரும்,
ஓரமெல்லாம் தீப்பிடித்து.
வடக்கே ஒரு ராஜ்யம், தெற்கே ஒன்று.
நகரி இருக்க வேண்டிய இடத்தில்
யானை ஒன்றை வரைந்து வைத்திருக்கிறார்கள்.
"நாம எந்தப் பக்கம்?" என்பார் மஸ்தான், தினமும்.
"யானைக்கு அடியில" என்பாள் தேசம்மா, தினமும்.

ரெட்டெம்மாவுக்குத் தமிழ் புரியும்,
அரண்மனைத் தமிழ் புரியாது.
எனக்கும்தான்.
'யாது நேரினும்' என்றால் என்னவென்று
என் தம்பி சம்பங்கி சொல்லி, அது தெலுங்காகி,
கூடத்தை ஒரு சுற்று சுற்றி வருவதற்குள்
யாராவது ஒருவர் நஞ்சு குடித்திருப்பார்.

குதிரை மஸ்தானின் இலாகா.
இரண்டு படைக்கும் ஒரே குதிரைதான்,
நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்தால் நம்முடையது.
கோட்டைச் சுவர் ஒருநாள் காற்றில் ஆடியது.
சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.
அன்றுதான் தாதி செத்தாள்,
அதற்கும் அழுதோம், அதே மூச்சில்.

இன்று செத்தே போனான்.
வேழமாதேவியின் நகையெல்லாம் கழற்றிவிட்டார்கள்.
சாம்பல் நிறத்தில் ஒரு புடவை.
முந்தானையை எடுத்து முகத்தில் வைக்கிறாள்,
கண்ணீரைக் காட்டக் கேமரா கிட்டே போகிறது,
கிட்டே, இன்னும் கிட்டே,
"இரு இரு இரு" என்று எழுந்துவிட்டான் சம்பங்கி,
இழவு வீட்டில் இருப்பவளைப் பார்த்து.
"நம்ம கரை!"

விளம்பரம்.

சோப்பு. நகைக்கடன். மறுபடி சோப்பு.
ஆறு கோட்டுக் கரை. நாலாவதில்
ஓர் இழை அறுந்ததை யாரும் பார்க்கவில்லை,
ஆவணியில், கரண்ட் போய்ப்போய் வந்த வாரம்,
பள்ளிப்பட்டில் விளக்கெரிய
இங்கே மூக்குமலைகூடத் தெரியாத இருட்டு.
பதினோரு புடவை அப்படியே ஓடிவிட்டது.
முந்நூற்று எண்பதை இருநூறாக்கி
வியாபாரி அள்ளிக்கொண்டு போனார்.
பன்னிரண்டாவதைப் பாதியில் நிறுத்தினோம்.
அந்தத் துண்டுதான் டிவிக்கு உறை.

உறையைத் திரைக்குப் பக்கத்தில் விரித்துப் பிடித்து
நிற்கிறான் சம்பங்கி, கை வலிக்க,
சோப்பு கரைந்து முடியட்டும் என்று.

வந்தாள்.
என்னென்னவோ பேசினாள்.
அடுத்த தெருவே அழுததாம்,
எங்களுக்கு ஒரு வார்த்தை காதில் விழவில்லை.
அங்கே, நாலாவது கோடு,
அந்த மயிரிழைச் சந்து,
அவள் மூக்கைத் துடைக்கிற இடத்தில்.

தேசம்மா விசிலடித்தாள்.
"ஆயிரத்து இருநூறு வருசத்துக்கு முன்னாடியே
நெய்திருக்கோம்டி நாம."
மஸ்தானுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.
"மகாராணிக்குப் போய் இருநூறு ரூபாய்ப் புடவையா?"

"மொகுடு போனவளுக்கு
வேற யார் எடுத்துத் தருவாங்க?"
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னது ரெட்டெம்மா.
அதன் வீட்டுக்காரர் போனது இந்தத் தையில்.

யாரும் எதுவும் பேசவில்லை.
சத்தத்தை முப்பத்தைந்துக்குக் குறைத்தேன், எதற்கென்று தெரியாமல்.
நல்லவேளை, குதிரை வந்தது.
பொட்டில்லாத நெற்றி.
"எதிரி!" என்றார் மஸ்தான்.
"ஒச்சாடு, ஒச்சாடு" என்று
முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது ரெட்டெம்மா.

ஒன்பதுக்குத் தொடரும்.
தார்ப்பெட்டி போனது, ஆட்டோ இரண்டுமுறை இருமிப் போனது.
உறையைப் போடப் போனேன்.
"அந்தக் கோட்டை உள்பக்கமா மடிச்சு விடு" என்றான் தம்பி,
எப்போதும் சொல்வதுபோல.

வெளியிலேயே இருக்கட்டும் என்றேன்.