பெட்டியில் அச்சடிக்க ஒரு வரி

ஔலுவில் ஜனவரி. மூன்று மணிக்கே இருட்டு.
சோதனைக்கூடத்துக் குளிர்ப்பெட்டிக்குள்
மைனஸ் பதினெட்டில் கிடக்கிறது
இஸ்மோ நிஸ்கலா திருப்பி அனுப்பிய போன்.
உறையில் இன்னும் மீன் வாடை.

கூடவே ஒரு துண்டுக் காகிதம்:
"பழைய போனில் கோர் இரண்டு.
உறைந்த ஏரியில் மாலைவரை தாங்கியது.
புதியதில் எட்டு என்றார்கள். மதியமே செத்துப்போகிறது.
மீதி ஆறு பேரும் என் பேட்டரியைத் தின்கிறார்களா?"

துய்ரே அதைச் சுவரில் ஒட்டினாள்.
சிரிப்புக்காக என்றாள்.
இரண்டு வாரமாகச் சிரிக்காமல்
அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மாடியிலிருந்து சம்ப்ஸா கேட்கிறான்:
"பெட்டியில் அச்சடிக்க ஒரு வரி போதும்.
எட்டு கோர் இருந்தால் வேகமா இல்லையா,
பேட்டரி நிற்குமா நிற்காதா?
வியாழனுக்குள்."

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரு வீடியோவைச் சுருக்கச் சொன்னேன்.
எட்டும் எழுந்தன. மின்னோட்டக் கோடு
செங்குத்தாய் ஏறி, சற்றே நின்று,
தடாலென விழுந்தது. பிறகு நெடுந்தூக்கம்.
ஏழைப் பூட்டிவிட்டு ஒன்றிடம் அதே வேலையைக் கொடுத்தேன்.
கோடு அவ்வளவு உயரவில்லை;
இறங்கவும் இல்லை.
நான் போய்க் காபி போட்டு, குடித்து,
கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.
இன்னும் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது.
கோட்டின் கீழே விழுந்த பரப்பைக் கூட்டிப் பார்த்தால்
தனியாக உழைத்தவன்தான் அதிகம் தின்றிருந்தான்.

சரி, எட்டுக்கே வெற்றி என்று எழுதப் போகையில்
பஸ் நேரம் காட்டும் ஒரு செயலி வந்தது.
யாரோ அவசரத்தில் எழுதியது.
ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அதற்கு நடக்கத் தெரியும்.
எட்டு இலை போட்டும் பந்தியில் ஒருவன்.
அவன் கொதிக்கக் கொதிக்க ஓடினான்,
ஏழு பேர் தூங்கினார்கள்.
வேகம் இம்மியும் கூடவில்லை.

தூங்குகிறவர்களும் கொஞ்சம் ஒழுகுவார்கள்,
துளித்துளியாய்.
அதை எந்தப் பெட்டியிலும் அச்சடிக்க மாட்டார்கள்.

தவிர, எட்டும் ஒரே உடம்பு இல்லை.
நான்கு தடியர்கள், நான்கு நோஞ்சான்கள்.
மின்னஞ்சல் வந்ததா, மணி என்ன,
எத்தனை அடி நடந்தாய்,
இதெல்லாம் நோஞ்சான்களின் பாடு.
தடியனை எழுப்பாதவரை பேட்டரி உன்னுடையது.

இஸ்மோவின் போனில் தடியனை எழுப்பியது யார்?

புதன் இரவு துய்ரே பிடித்துவிட்டாள்.
பனியின் கனம் காட்டும் வரைபடம் ஒன்று.
இரண்டு நிமிடத்துக்கொருமுறை
தடியனைத் தோளில் தட்டி எழுப்பி
எங்கோ கரையிலிருக்கும் கோபுரத்தைக் கூப்பிடச் சொல்கிறது.
ரேடியோ தொண்டை கிழியக் கத்துகிறது.
பேட்டரியோ குளிரில் ஏற்கெனவே பாதி மரத்தது.
பழைய போனில் இந்த வரைபடமே கிடையாது.

கோர்கள் குற்றவாளிகள் இல்லை.
சாட்சிகள்கூட இல்லை, முக்கால்வாசி நேரம் தூக்கம்.

காலையில் இஸ்மோவைக் கூப்பிட்டோம்.
ஏரியில் இருந்தார், பழைய போனில்.
பனியைத் துளைக்கும் கருவி கரகரத்தது.
துய்ரே விளக்கினாள், விளக்கினாள்.
"புரிகிறது" என்றார்.
"நானும் இங்கே எட்டுத் துளை போட்டிருக்கிறேன்.
தூண்டில் ஒன்றுதான்."
கொஞ்ச நேரம் காற்று மட்டும் பேசியது.
"வரைபடத்தை எடுத்துவிடு என்கிறீர்கள்.
போன மார்ச்சில் பக்கத்துக் குடிசை ரெய்யோ
மெல்லிய இடத்தில் கால் வைத்தான்.
எங்கே மெல்லிசு என்று எனக்கு யார் சொல்வது?"

அவளிடம் பதில் இல்லை.
மத்தியானம் சாப்பிடப் போகவில்லை.
வரைபடத்தை ஒரு நோஞ்சானிடம் ஒப்படைத்தாள்.
ஆள் நகர்ந்தால் மட்டும் கோபுரத்தைக் கேள்,
உட்கார்ந்திருந்தால் சும்மா இரு.
மொத்தம் பதினோரு வரி நிரல்.

வியாழன் வந்தது. சம்ப்ஸா காத்திருக்கவில்லை.
பெட்டியில் பொன்னெழுத்தில் "எட்டு கோர்" என்று அச்சாகிவிட்டது.
வேகமா, நிற்குமா, ஒன்றுமில்லை.
எண் மட்டும்.

குளிர்ப்பெட்டியில் போன்
நாலேகால் வரை தாங்கியது.
வெளியே இருட்டி
ஒரு மணி நேரத்துக்கும் மேலாகியிருந்தது.