பதினேழாம் எண் கேமரா

முதல் வாரம் எழுநூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
அத்தனையும் ஒரே பெரணிச்செடி.
காற்றில் சாய்ந்த பெரணி, நிமிர்ந்த பெரணி,
இரவில் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்த பெரணி.
அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வந்தோம்.
இரண்டாம் வாரம்
ஒரு படமும் இல்லை.

கூக்கால் ஏரியைச் சுற்றி ஏறி
கடைசிப் பூண்டு வயல் முடிந்து
சோலை இருட்டத் தொடங்கும் இடத்தில்
ஒரு நாவல் மரத்தின் முழங்காலில்
கட்டியிருக்கிறது அந்தப் பெட்டி.
திறந்தால் எறும்புகள்.
முட்டைகளைத் தூக்கிக்கொண்டு
பேட்டரி இடுக்கெல்லாம் ஓடுகின்றன.
எட்டு பேட்டரியில் ஒன்று தலைகீழாக இருந்தது.
போட்டது யார் என்று
ஜெபராணி கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

ஸ்பிரிங்கின் பச்சைக் களிம்பை ஊக்கால் சுரண்டினேன்.
கண்ணாடியில் படிந்த மூடுபனியை
பனியன் நுனியால் துடைத்தேன்.
மறுபடி மூடுவதற்குள் மறுபடி படிந்தது.
உயிர் வந்ததும் அது முதலில் தேதி கேட்டது.
மழை வலுத்துக்கொண்டிருந்தது.
விறைத்த விரலால்
சரி, சரி, சரி என்று
அழுத்திவிட்டேன்.

"அது அசைவைப் பாக்கறதில்லண்ணே,
சூட்டைப் பாக்குது.
சுத்தி இருக்கறதவிடச் சூடா ஒண்ணு
குறுக்கால போனா முழிக்கும்.
நேரா வந்தா பாதித் தூக்கம்தான்."
ஒருவர் மிருகமாகவேண்டும்,
ஒருவர் சிவப்பு விளக்கைப் பார்க்கவேண்டும்.
அவள் கையில் கையேடு இருந்தது.
நான் மண்டியிட்டேன்.

கேளையாட்டின் உயரம் என்ன?
என் இடுப்புக்குக் கீழே, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே.
தலையைத் தாழ்த்தி, கைகளை ஊன்றி
இடமிருந்து வலம் போனேன்.
"வரல."
வலமிருந்து இடம்.
"வரல."
இன்னும் கிட்டத்தில், இன்னும் மெதுவாக,
ஒரு அட்டை காதோரம் ஏறுவது தெரிந்தும் நிற்காமல்.
"வரலண்ணே."
பத்தடி தூரத்தில் எண்பது கிலோ ஆள்.
காலையிலிருந்து நனைந்த மழைக்கோட்டுக்குள்
மழையின் குளிரே என் குளிர்.
பாறைக்கும் எனக்கும்
வித்தியாசம் தெரியவில்லை அதற்கு.

எழுந்து கோட்டைக் கழற்றி மரத்தில் மாட்டினேன்.
தோளிலிருந்து ஆவி கிளம்பியது.
மறுபடி நாலு காலில்.
முதல் அடியிலேயே மினுக்கியது சிவப்பு.
ஜெபராணி கை தட்டினாள்:
"இப்ப இருக்கீங்க!"

ஆனாலும் இறங்கும்போது
ஜீப்புக்குக் கேட்கும்படி சொன்னேன்:
இந்த இடத்துல எதுவும் வராது,
இதைக் கழட்டிட்டு மன்னவனூர்ப் பக்கம் கட்டலாம்.

ஒன்பது நாள் கழித்து கார்டை எடுத்து வந்தோம்.
குடிலில் கரண்டு இல்லை,
அவள் மடிக்கணினியில் பதினொரு சதவீதம்.
முதல் நான்கு படங்களில் என் பின்புறம்.
ஐந்தாவதில் அட்டையைப் பிய்க்கும் கை.
ஆறாவது:
இரண்டு பின்னங்கால்கள், தூக்கிய வால்,
வாலடியின் வெள்ளை.
தலை படத்துக்கு வெளியே போய்விட்டது.
நான் கை ஊன்றிய குழியில் மழைத்தண்ணீர்.
அதற்குள் ஒரு குளம்பு.

மூலையில் தேதி, இரண்டாயிரம் ஜனவரி ஒன்று.
தேதி பொய். இடைவெளி பொய்யில்லை.
என் கடைசிப் படத்துக்கும் அதற்கும் ஒன்பது நிமிடம்.
அப்போது நாங்கள்
பூண்டு வயல் வரப்பில்தான் இறங்கிக்கொண்டிருந்திருப்போம்.
என் குரல் அதற்குக் கேட்டிருக்கும்.

பதிவேட்டில் இனம் என்ற கட்டத்தில்
கேளையாடு என்று எழுதினேன்.
எண்ணிக்கையில் ஜெபராணி 'அரை' என்று எழுதி,
சிரித்து, அடித்து, ஒன்று என்றாள்.
கேமராவை இரண்டு விரல் இடப்பக்கம் திருப்பணும்.
புதுச் செருப்புப் பெட்டியில் வந்த
ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை உள்ளே போடணும்.
தேதி. தேதியை மறக்கக்கூடாது.
மடிக்கணினி அணைந்தது.

அன்றிரவு இரண்டு கம்பளி போர்த்திப் படுத்தேன்.
முழங்கால் சிராய்ப்பில் இன்னும் கொஞ்சம் சோலைமண்.
உடம்பில் சூடு வர
வெகுநேரம் ஆயிற்று.