இரண்டு மதிப்பெண் வினா

"ஆவியாதல் என்றால் என்ன?"
கேட்டு முடிக்கவில்லை,
எட்டாம் வகுப்பு ஆ பிரிவு
ஒரே மூச்சில் கொட்டியது:
திரவம் தன் கொதிநிலைக்குக் கீழேயே
வாயுவாக மாறும் நிகழ்வு.
ஒரு எழுத்தும் தப்பவில்லை.
நான்தான் அப்படிப் பழக்கியிருந்தேன்.
காரைக்குடி பஸ்ஸில் ஒன்பது வருஷம்,
வகுப்பில் ஒன்பது வருஷம் ஒரே ராகம்.

ஜன்னலுக்கு வெளியே ஆலையின் களம்.
புதுவயலில் எங்கே நின்றாலும்
ஏதோ ஓர் ஆலைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறோம்.
தவிட்டுத் தூசி படியாத வருகைப் பதிவேட்டை
நான் இங்கே பார்த்ததில்லை.
அவித்த நெல் ஆவி பறக்கக் கிடக்க
ஒரு பெண் அதைக் காலால் உழுதுகொண்டே போனாள்,
சால் சாலாக.

அன்றைக்கு என்ன தோன்றியதோ,
புத்தகத்தை மூடினேன்.
"அவங்க ஏன் நெல்லைக் கிளறுறாங்க?
குவிச்சுப் போட்டா காயாதா?"

சத்தம் அறுந்தது.
ஒன்று. இரண்டு.
மூன்றில் என் நாக்கு விடையை எடுத்துவிட்டது.
கடித்துக்கொண்டேன்.
நான்கு.
முதல் பெஞ்சு கொப்புடைநாயகி
பாடத்தின் பின்பக்கத்தைப் புரட்டினாள். இல்லை.
மடியிலிருந்த கைடைப் புரட்டினாள். இல்லை.
"மிஸ், இது போர்ஷன்லயே கெடையாது."
ஐந்து.
ஆறு.
ஏழு இவ்வளவு நீளமான எண் என்று
எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கடைசி பெஞ்சு சேவுகமூர்த்தி,
அரையாண்டில் பதினொன்று வாங்கியவன்,
எழுந்திருக்காமலே சொன்னான்:
"அடி நெல்லு வேர்க்கும் மிஸ்."

சிரித்தார்கள்.
போன மாதமாக இருந்தால்
"தப்பு, அடுத்தது" என்றிருப்பேன்.
"நீ எங்கே பாத்தே?"
"எங்கம்மா களத்துலதான் நிக்குது.
கிளறலேன்னா மேல காஞ்சு வெடிச்சுரும்,
அரைச்சா நொய்யாப் போயிரும்.
அடி ஈரம் அப்படியே கெடந்து நாறும்.
கால்லயே தெரியும் மிஸ்.
மேல சுடும். உள்ள குளுகுளுன்னு இருக்கும்."

ரிஸ்வானா கை தூக்காமல் குறுக்கே வந்தாள்:
"காத்தே இல்லாத அன்னைக்கு?"
"இன்னும் வெரசாக் கிளறணும்."
"மூட்டமா இருந்தா?"
"மொதலாளி திட்டுவாரு."

பரப்பு, காற்று, ஈரப்பதம், வெப்பம்.
பாடத்தில் கட்டம் கட்டி வைத்திருந்த நான்கையும்
கட்டமில்லாமல், உமியோடு,
கொண்டுவந்து மேஜையில் கொட்டிவிட்டார்கள்.
மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.
அடுத்த பீரியட் தமிழ் ஐயா
வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

மாதத் தேர்வில் சேவுகமூர்த்தி எழுதினான்:
"ஆவியாதல் என்பது அடி நெல் வேர்ப்பது நிற்பது."
இரண்டுக்கு எவ்வளவு?
விடைக்குறிப்பு சுழியம் என்றது.
ஒன்று போட்டேன். அடித்தேன்.
ஒன்றரை போட்டுவிட்டு
சிவப்பு மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வகுப்புச் சராசரி ஏன் ஆறு இறங்கியது என்று
தலைமையாசிரியர் கேட்டார்.
நல்ல கேள்விதான்.
ஏழு வரை எண்ணலாம் என்று பார்த்தேன்.
அவர் மூன்றிலேயே பதிலையும் சொல்லிவிட்டார்:
"போர்ஷனை முடிங்க டீச்சர்."

இத்தனை நாளும் எல்லாவற்றிலும் முதலாக வந்தவள்
இதில் என்ன செய்வதென்று தெரியாமல்
ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.
எட்டாம் நாள் இடைவேளையில் வந்தாள்.
"அவிச்ச நெல்லு மொளைக்காதாம் மிஸ்.
அவிச்சதாலயா, காய வெச்சதாலயா?"
எனக்குத் தெரியும்.
தெரிந்ததை விழுங்கினேன்.
"எப்படிக் கண்டுபிடிப்பே?"

மறுநாள் ஜன்னல் விளிம்பில் மூன்று சிரட்டை,
ஈரத் துணிமேல் நெல்.
காய்ந்தது. அவித்தது. அவித்துக் காய்ந்தது.
மூன்றிலும் அவள் கையெழுத்தில் சீட்டு.
சேவுகமூர்த்தி காவல்.

மூன்றாம் நாள் அணில் வந்துவிட்டது.
முதல் சிரட்டை காலி.
கொப்புடைநாயகி அழுதாள், காவல்காரனைத் திட்டினாள்,
திடீரென்று நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள்.
"மத்த ரெண்டையும் அது தொடவே இல்லையே, ஏன் மிஸ்?"

நாற்பத்து மூன்று முகங்கள் என் பக்கம் திரும்பின.
எனக்கு நிஜமாகவே தெரியாது.
இந்தத் தடவை
எண்ண வேண்டியிருக்கவில்லை.